கூண்டில் நின்று சொன்ன யெஸ்

“கொலைக் குற்றம் சாட்டப்பட்ட விக்டோரியப் பெண்கள்” என்று மகள் தன் பள்ளிக்கூடப் பாடத்தின் தலைப்பைச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. நாங்கள் இருப்பது விக்டோரியா மாநிலம். எங்கள் காரின் இலக்கத் தகட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே விக்டோரியப் பெண்கள் என்றால் எனக்கு வெரிபீ ரயில் நிலையத்தில் காலையில் என்னோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிற பெண்கள்தான்.

“இஞ்ச இவ்வளவு பேரோ கொலை செய்யினம்?” என்று கேட்டேன்.

மகள் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுச் சிரித்தாள். “அம்மா! இது விக்டோரியா மகாராணி காலத்துப் பொம்பிளையள். எல்லாரும் எப்பவோ செத்துப் போச்சினம்.”

“நல்ல காலம்” என்றேன். அவள் கதிரையில் சாய்ந்து இன்னும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புத்தான். ஆனால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பது. வெளியாட்களுக்கு முன்னால் அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. அந்தப் பாடம் வரும்வரைக்கும் இல்லை.

நான் ஊரில் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள். இங்கே மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்து அனுப்புகிற ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் கதைக்க முடியாது. அதனால்தான் அந்த வேலையில் இவ்வளவு காலம் நின்றுபிடித்தேன் என்று நினைக்கிறேன். கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. தமிழிலேயே நாலு பேருக்கு முன்னால் கதைக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் கடைக்குப் போய் வருவேன், மேற்பார்வையாளர் சொல்வது விளங்கும், அவ்வளவுதான்.

அதிலும் எனக்கு ஒரு பெரிய சிக்கல் ‘யெஸ்’. தமிழில் ஒருவர் “நீங்கள் இன்னும் சாப்பிடேல்லைத்தானே?” என்று கேட்டால், சாப்பிடாதவர் “ஓம்” என்று சொல்வார். ஓம், நீங்கள் சொல்வது சரி, சாப்பிடவில்லை. ஆங்கிலத்தில் இது தலைகீழ். சாப்பிடாதவர் ‘நோ’ என்று சொல்லவேண்டும். ‘யெஸ்’ என்றால் சாப்பிட்டாயிற்று என்று எடுத்துக்கொள்வார்கள். எத்தனையோ பேர் எனக்கு இதை விளங்கப்படுத்திவிட்டார்கள். தனியே இருந்து யோசித்தால் விளங்குகிறது. ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டால் என் தலை தமிழில் யோசிக்கும், வாய் ஆங்கிலத்தில் சொல்லிவிடும்.

முன்பு நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டைப் பார்வையிட முகவர் ஒருவர் வந்தார். கூடத்துச் சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டி, “இதை நீங்கள் போடவில்லைத்தானே?” என்று கேட்டார். நான் “யெஸ்” என்றேன். அவர் உடனே குறித்துக்கொள்ளத் தொடங்கினார். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. முதுகில் பள்ளிக்கூடப் பையோடு எனக்குப் பக்கத்தில் நின்றவள், “ஷீ மீன்ஸ் நோ” என்றாள். அம்மா சொல்வது இல்லை என்று. முகவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டு எழுதியதை வெட்டினார்.

அதன் பிறகு எல்லா இடத்துக்கும் அவள்தான் என்னோடு வருவாள். பல் மருத்துவரிடம், வங்கியில், மின்சாரக் கம்பனியின் தொலைபேசியில். நான் யெஸ் என்பேன். அவள் “ஷீ மீன்ஸ் நோ” என்பாள். ஒருநாளும் எரிச்சலோடு சொன்னதில்லை. நான் அவளுக்குச் சின்னதில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதைப் போல, எங்கோ பார்த்துக்கொண்டு கையால் மட்டும் செய்துவிடுகிற வேலையாக அதைச் செய்தாள்.

ஆனால் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு மட்டும் நான் போகமாட்டேன். பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அப்பா போவார். ஆசிரியைக்கும் கூட்டாளிகளுக்கும் முன்னால் நான் வாயைத் திறந்து, என்னால் அவளுக்கு ஒரு தலைகுனிவு வந்துவிடக்கூடாது. எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். மற்றவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

பத்தாம் வகுப்பில் இந்தப் பாடம் வந்தது. நகரத்தின் நடுவில் இருக்கிற பழைய சிறைச்சாலைக்கும் அதன் பக்கத்துப் பழைய நீதிமன்றத்துக்கும் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள் என்றும், பிள்ளைகளே அங்கே ஒரு கொலை வழக்கை நடித்துக் காட்டவேண்டும் என்றும் மகள் சொன்னாள். துணைக்கு வரப் பெற்றோர் போதவில்லையாம்.

“நீங்கள் வாங்கோவன் அம்மா.”

“நானோ? நான் வந்து என்ன செய்யிறது?”

“கதைக்கத் தேவையில்லை. சும்மா நிண்டாக் காணும்.”

அவளாகக் கேட்டாள். அந்தச் சந்தோசத்தில் ஓம் என்றுவிட்டேன். பள்ளிப் பிள்ளைகளோடு போகிற பெரியவர்களுக்குத் தேவையான அனுமதி அட்டையையும் இணையத்தில் அவளே விண்ணப்பித்து எடுத்துத் தந்தாள்.

வழக்கு இதுதான். தங்கம் தோண்டிய ஊர் ஒன்றில் ஒரு தொழிலாளி மூன்று நாள் வாந்தியெடுத்துச் செத்துப்போகிறான். அவன் கடைசியாகக் குடித்தது மனைவி காய்ச்சிய சூப். குசினியில் எலி மருந்து இருந்தது. கடையில் போய் வாங்கியதும் அவள்தான். மாவை எலி தின்றபடியால் வாங்கினேன் என்று அவள் சொல்கிறாள். மகளுக்கு அரச தரப்பு வழக்கறிஞர் வேடம். குற்றவாளி என்று நிரூபிப்பது அவள் வேலை.

அங்கே போவதற்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் குசினியில் பயிற்சி நடந்தது. நான்தான் குற்றம் சாட்டப்பட்டவள். குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் என்னை நிற்க வைத்து அதுதான் கூண்டு என்றாள். தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாள். எலி மருந்து வாங்கினாயா? யெஸ். சூப் காய்ச்சினாயா? யெஸ். சூப்பில் நஞ்சு போட்டாயா? நோ.

“குட்” என்றாள். “எல்லாம் சரியாச் சொல்லுறீங்கள்.”

“உண்மையில போட்டவளோ?”

“தெரியாது அம்மா. ஒருத்தருக்கும் தெரியாது.”

“புருசன் அடிக்கிறவனோ?”

“ஓம், குடிச்சுப்போட்டு அடிக்கிறவன்.”

“அப்ப போட்டிருப்பாள்.”

“அம்மா! உங்களை ஜூரியில இருக்க விடக்கூடாது” என்று சொல்லி, அந்த வீட்டுச் சிரிப்பைச் சிரித்தாள்.

அடுத்த நாள் வகுப்பு முழுவதும் ரயிலில் நகரத்துக்குப் போனோம். என்னோடு துணைக்கு வந்த மற்றத் தாய் கோயம்புத்தூர்ப் பக்கத்தவர். வாயாடி, நல்ல மனம். வழியெல்லாம் அவரே கதைத்துக்கொண்டு வந்ததால் எனக்கு வேலையில்லாமல் இருந்தது.

நீதிமன்றம் நான் நினைத்ததைவிடச் சின்னது. கறுத்த மரம், உயரமான கூரை. நடுவில் இடுப்பளவு மரச்சட்டம் அடித்த கூண்டு. அங்கே வேலைசெய்கிற வழிகாட்டி ஒருவர் வெள்ளைப் பொய்முடி வைத்துக்கொண்டு நீதிபதியாக மேலே ஏறி இருந்தார். வேடங்களின்படி பிள்ளைகளை இருத்தியபோதுதான் குற்றவாளியாக நடிக்கவேண்டிய பெண்பிள்ளை காய்ச்சலென்று வரவில்லை என்பது தெரிந்தது. வேறு யார் வருகிறீர்கள் என்று ஆசிரியை கேட்டார். ஒருவரும் அசையவில்லை. கூண்டில் நிற்பவள் நீண்ட பழைய பாவாடை கட்டி, தலையில் சால்வை போடவேண்டும். அந்த வயதுப் பிள்ளைகள் அதற்குச் செத்தாலும் சம்மதிக்கமாட்டார்கள்.

“அக்கா, நீங்க போங்களேன்” என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

“ஐயோ, வேண்டாம்.”

“சும்மா டிராமாதானே! கேள்வி கேக்கப் போறதும் உங்க பொண்ணுதான். வீட்ல தினமும் கேக்கறா இல்ல, அதே மாதிரி நின்னு பதில் சொல்லுங்க.” நான் மறுபடி வேண்டாம் என்பதற்குள் அவர் ஆசிரியையைப் பார்த்து ஆங்கிலத்தில் இவர் செய்வார் என்று சொல்லிவிட்டார்.

நான் மகளைப் பார்த்தேன். கறுப்பு அங்கி போட்டு, கையில் தாளோடு மேசைக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை மிக மெல்ல, வேண்டாம் என்று ஆட்டினாள். எனக்காகப் பயந்தாளா, தனக்காகப் பயந்தாளா தெரியாது. அதற்குள் சால்வை என் தலைக்கு வந்துவிட்டது. பூச்சி உருண்டை மணத்தது.

தொடங்குமுன் வழிகாட்டி ஒரு விசயம் சொன்னார். அந்தக் காலத்துச் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாதாம். அந்தப் பெண் உண்மையான வழக்கில் யாரும் அவளிடம் எதுவும் கேட்காமல் கூண்டில் சும்மா நின்றிருக்கிறாள். “ஆனால் அப்படி நடத்தினால் உங்களுக்கு அலுத்துப்போகும். நாங்கள் இன்றைக்கு அவளைப் பேச விடுவோம்” என்றார்.

முதலில் என் பக்கத்து வழக்கறிஞரான பையன் எழுந்தான். மெல்லிய குரல், கேள்வியெல்லாம் நேரான கேள்வி. புருசன் அடிப்பானா? யெஸ். அவன் நோயில் கிடந்தபோது பார்த்துக்கொண்டாயா? “யெஸ். நைட், நோ ஸ்லீப்” என்று, அவள் பதில்களை எழுதி என் கையில் தந்திருந்த அட்டையில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். என் மாமியார் கடைசி நாட்களில் கிடந்த கிடை அப்போது நினைவுக்கு வந்தது. ஏன் உடனே வைத்தியரைக் கூப்பிடவில்லை என்று கேட்டான். “வாட்டர். றோட், வாட்டர்” என்று கையை உயர்த்திக் காட்டினேன். ஆறு பெருகி வழி மூடியிருந்தது என்று அட்டையில் இருந்தது.

ஜூரியின் நீள வாங்கில் இருந்த பிள்ளைகள் கதைப்பதை நிறுத்தினார்கள். ஒரு பெண்பிள்ளை கன்னத்தில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வதை இத்தனை பேர் மூச்சுக்காட்டாமல் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு நடந்ததையெல்லாம் யோசிக்கும்போது, அந்த நிமிடம் நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன் என்பதுதான் இப்போதும் என்னைக் கூச வைக்கிறது.

அடுத்து என் மகள் எழுந்தாள்.

ஆங்கிலத்தில் நீ என்றும் நீங்கள் என்றும் வேறில்லை, எல்லாம் ஒரே சொல். அவள் என்னை ஒருநாளும் நீ என்றதில்லை. அன்றைக்கு எனக்கு எல்லாம் நீ என்றே கேட்டது.

எலி மருந்து வாங்கினாயா? யெஸ். வீட்டில் உண்மையாகவே எலி இருந்ததா? “மெனி, மெனி” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு அது. சூப் காய்ச்சினாயா? யெஸ். நீயும் அதைக் குடித்தாயா? நோ, சுகமில்லாத ஆளுக்குக் கொஞ்சமாகக் காய்ச்சியது. கன்னத்தில் கைவைத்திருந்த பெண் தலையாட்டினாள். ஜூரி என் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. மகளுக்கும் தெரிந்தது. அப்பாவோடு கரம் பலகையில் விளையாடித் தோற்கும்போது அவள் கீழுதட்டைக் கடிப்பாள். அப்படிக் கடித்தாள்.

தாளில் அடுத்து இருந்தது கடைசிக் கேள்வி. சூப்பில் நஞ்சு போட்டாயா? அதற்கு நான் நோ என்று சொல்லவேண்டும். நான் அதை வாயில் தயாராக வைத்திருந்தேன்.

அவள் தாளை மேசையில் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அந்தச் சூப்பில் நீ நஞ்சு போடவில்லைத்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“யெஸ்” என்றேன்.

கன்னத்தில் கைவைத்திருந்த பெண் கையை எடுத்தாள். ஓம் பிள்ளை, போடவில்லை, நீ சொல்வது சரி. நான் சொன்னது அதுதான்.

“யெஸ்?” என்று அவள் திரும்பக் கேட்டாள்.

அந்த இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. ஆனால் பதறவில்லை. இப்போது அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிற அந்த மூன்று சொற்கள். அவள் சொல்லட்டும் என்று கூண்டுச் சட்டத்தில் கைவைத்து அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துகூட நின்றேன்.

“வேறு கேள்விகள் இல்லை, கனம் நீதிபதி அவர்களே” என்றாள்.

ஆரவாரம். ஜூரியில் இருந்த யாரோ கை தட்டினார்கள். மெல்லிய குரல் பையன் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தான். கூண்டில் சொன்னது சொன்னதுதான் என்று நீதிபதி சுத்தியலால் தட்டினார். நானே அப்போது நோ என்று கத்தியிருக்கலாம். எல்லாருடைய முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. கூட்டாளி ஒருத்தி அவள் தோளில் அடித்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குரலும் வரவில்லை. இதில் எது முதல் என்று இன்றைக்கும் தெரியாது.

ஜூரியில் எல்லாரும் குற்றவாளி என்று கை உயர்த்தினார்கள். கன்னத்தில் கைவைத்திருந்தவளும்தான். நீதிபதி பொய்முடிக்கு மேல் ஒரு கறுப்புத் துணித்துண்டை வைத்துக்கொண்டு, சாகும்வரை தூக்கிலிடும்படி தீர்ப்புச் சொன்னார். பிறகு என்னைக் குனிந்து பார்த்து, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார்.

“தாங்க் யூ” என்றேன்.

ஒருவர் ஏதாவது கேட்டு முடித்தால் அப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். நான் மகளைத் தேடினேன். அவள் எல்லாரையும்விடக் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தாள். ஆனால் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு வழிகாட்டி கறுப்புத் துணியை எடுத்துவிட்டு உண்மையில் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண்ணை விட்டுவிட்டார்களாம். ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றவளை, சாட்சி போதாதென்று ஜூரி விடுதலை செய்துவிட்டது. அவள் அந்த வாசலால் நடந்து வெளியே போனாள் என்று கையால் காட்டினார்.

“அப்போ நாங்கள் ஒரு நிரபராதியைக் கொன்றுவிட்டோம்!” என்று ஒரு பையன் கத்தினான். மறுபடி சிரிப்பு.

நான் சால்வையைக் கழற்றி மடித்தேன். மடிக்கிறது என் வேலை, கை தானாக மடித்தது. ஆசிரியை வந்து நீங்கள் அருமையாகச் செய்தீர்கள் என்றார். அதற்கும் தாங்க் யூ சொன்னேன்.

பிறகு சிறைச்சாலையைப் பார்க்கப் போனோம். கல் அறைகள், நான் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். ஓர் அறையில் கைதிகளாக இருந்த பெண்களின் பழைய படங்களை மாட்டியிருந்தார்கள். எல்லாரும் கையைக் கட்டி, படம் எடுப்பவன் எங்கே பார்க்கச் சொன்னானோ அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் எத்தனை பேருக்குக் கேள்வி விளங்கியிருக்கும் என்று யோசித்தேன். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க இவர்களுக்கு யார் இருந்திருப்பார்கள்?

“அக்கா, ஏன் யெஸ்னு சொன்னீங்க? டயலாக் மறந்துட்டீங்களா?” கோயம்புத்தூர்க்காரர் பின்னால் வந்து கேட்டார்.

“ஓம், மறந்து போனன்.”

“பரவால்ல, நடிப்பு பிரமாதம். ஆனா தூக்குத் தண்டனைக்குத் தாங்க் யூ சொன்னீங்க பாருங்க, அதுக்கே உங்கள விட்டிருக்கணும்!”

நானும் சிரித்தேன். மகள் கேள்வியை மாற்றினாள் என்று அவருக்குச் சொல்லவில்லை. இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் வேறு யாருக்கும் சொல்லவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் அவள் கூட்டாளிகளோடு பெட்டியின் மறுகோடியில் இருந்தாள். ஒருவன் அங்கிருந்து என்னைப் பார்த்துக் கழுத்தைப் பிடித்து நாக்கை வெளியே தள்ளிக் காட்டினான். பகிடிக்குத்தான், நல்ல பிள்ளை. நான் கையசைத்தேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெரிபீயில் இறங்கிக் காருக்கு நடந்தபோது ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“அந்தச் சால்வை மணத்ததோ?”

“ஓம்.”

காரில் வீடு வரைக்கும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் அவளுடைய அப்பா, “என்ன, கேஸ் வெண்டாச்சோ?” என்று கேட்டார்.

“ம்.”

“ஆர் குற்றவாளி?”

அவள் சோற்றைப் பிசைந்தாள். “நான்தான். சூப்பில நஞ்சு போட்டனான்” என்றேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். “இவ்வளவு வருசமா இந்தக் கையால திண்டும் நான் உயிரோட இருக்கிறன். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தா விடுதலை வாங்கித் தந்திருப்பனே!”

“அப்பா, ஸ்டாப் இற்” என்று மகள் எழுந்து போய்விட்டாள். தட்டில் பாதிச் சோறு கிடந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கதை பரவியிருந்தது. அன்னதானத்தில் நான் சாம்பார் பரிமாறுகிறவள். “கொலைகாரி சாம்பாருக்குப் பக்கத்தில நிக்கிறா, பாத்துக் குடியுங்கோ” என்று வரிசையில் இருந்து ஓர் அங்கிள் சொன்னார். “அங்கிளுக்கு ரெண்டு கரண்டி விடுங்கோ, அன்ரி நிம்மதியா இருப்பா” என்று இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வரிசையில் மகள் வந்தாள். தட்டை நீட்டி, என் முகத்தைப் பார்க்காமல், “எனக்கு நிறைய விடுங்கோ” என்றாள். அவளுக்குச் சாம்பார் பிடிக்காது. சோறு மூழ்கும்வரை விட்டேன். அவள் போய் ஒரு மூலையில் இருந்து அதை முழுவதும் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நான் தனியாகப் போகத் தொடங்கினேன். வங்கிக்கு ஒருநாள் போனேன், சமாளித்தேன். அடுத்தது இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு போகவேண்டும். காலையில் தேநீர்கூடக் குடிக்காமல் போய்க் காத்திருந்தேன். தாதி கையில் இறப்பர் பட்டியைக் கட்டிவிட்டு, “காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லைத்தானே?” என்று கேட்டார். “யெஸ்” என்றேன். அவர் பட்டியை அவிழ்த்துவிட்டார். அப்படியானால் இன்றைக்கு எடுக்க முடியாது, இன்னொரு நாள் சாப்பிடாமல் வாருங்கள் என்றார். நோ, நோ என்று கையை விரித்தேன், வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பரவாயில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார். என் பக்கத்தில் பார்த்தேன். காலிக் கதிரை. காருக்குள் இருந்து, கொண்டுபோன பிட்டைத் தின்றேன். கண்ணீரும் வந்தது.

அன்று பின்னேரம் என் கையில் ஊசி குத்திய இடத்துப் பஞ்சு இல்லாததைக் கண்டு மகளுக்கு விளங்கிவிட்டது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் துவாயை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். கேட்காமல் அவள் துடைக்க வருகிற வழக்கமில்லை.

“திருப்பி அனுப்பிப்போட்டினமோ?”

“ஓம்.”

“என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லை?”

“உனக்குப் பள்ளிக்கூடம்.”

“முந்தியும் பள்ளிக்கூடம் இருந்ததுதானே.”

ஒரு தட்டைக் கழுவிக் கொடுத்தேன். துடைத்தாள். இன்னொன்று கொடுத்தேன். அப்போது அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள். அவளுக்குக் கஷ்டமான விசயங்களை ஆங்கிலத்தில்தான் கேட்பாள்.

“உங்களுக்கு என்னில் கோபமில்லைத்தானே?”

“யெஸ்” என்றேன்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோபமில்லை என்று அவளுக்குச் சொன்னேனா, கோபம் என்று சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்று “ஷீ மீன்ஸ் நோ” என்று சொல்ல அந்தக் குசினியில் மூன்றாவது ஆள் இல்லை.

“அது எந்த யெஸ், அம்மா?” என்று தமிழில் கேட்டாள். என் யெஸ்ஸுக்கு அவள் என்னிடமே அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தரம்.

“கோவமில்லை. வெக்கமாக் கிடக்கு.”

“என்னாலயோ?”

அது நேரான கேள்வி. ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை, இரண்டு மொழியிலும் ஒன்றுதான். தாய் என்றால் அங்கே இல்லை என்று சொல்லவேண்டும். நான் குழாயைப் பூட்டினேன்.

“ஓம். கொஞ்சம்.”

அவள் தலையாட்டினாள். “எனக்கும்” என்றாள். பிறகு, ஏற்கனவே துடைத்து வைத்த தட்டை எடுத்துத் திரும்பவும் துடைத்துக்கொண்டு நின்றாள்.